விளக்கு மங்கும் வேகம்: தேய்மானச் சோதனையைத் திட்டமிடுதல்

எல்இடி பல்பின் பெட்டியில் '25,000 மணி நேரம்' என்று அச்சடிக்க வேண்டும். அதை மெய்ப்பிக்க நேர்வழி ஒன்றுதான்: பல்பை 25,000 மணி நேரம் எரியவிட்டுப் பார்ப்பது. இரவு பகலாக எரித்தாலும் இரண்டு ஆண்டு பத்து மாதம் ஆகும். அதற்குள் பல்பில் உள்ள எல்இடி சிப் சந்தையிலிருந்து போயிருக்கும். சிப்புக்கு மின்சாரம் தரும் டிரைவர் சுற்றின் வடிவமைப்பும் மாறியிருக்கும். சோதித்த பல்பு வேறு, விற்கும் பல்பு வேறு என்றாகிவிடும்.

ஒரு பல்பை எரித்தாலும் போதாது. பத்தில் ஒன்பது பல்பாவது அந்தக் காலத்தைத் தாண்டும் என்று 90 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால், 22 பல்புகளை முழுக் காலமும் எரிக்க வேண்டும். அவற்றில் ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது. (0.9-ஐ 22 முறை பெருக்கினால் 0.1-க்குச் சற்றுக் கீழே வரும். இந்த எண் வந்த வழி அவ்வளவுதான்.) எல்லாம் பிழைத்துவிட்டால் கையில் கிடைப்பது 'தேறியது' என்ற ஒற்றைச் சொல். தட்டுத்தடுமாறித் தேறியதா, இன்னும் இருமடங்கு ஓடியிருக்குமா என்று அந்தச் சோதனை சொல்லாது.

தேய்மானச் சோதனை வேறு கேள்வி கேட்கிறது. பல்பு என்றைக்குப் பழுதாகும் என்று காத்திருப்பதில்லை. எந்த வேகத்தில் மங்குகிறது என்று அளக்கிறது. பழுதாகாத பல்பும் ஒவ்வொரு அளவிலும் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த அளவுகளை வைத்துக் கோடு வரைந்து, கோடு பழுதின் எல்லையை எங்கே தொடும் என்று கணிக்கிறோம். 6,000 மணியில் முடிகிற வேலை இது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அளந்த காலத்தைவிட நீட்டும் காலம் எப்போதும் பெரிது. அளந்தது 6,000, சொல்வது 25,000 அல்லது 36,000. ஆகவே இங்கே சோதனையைத் திட்டமிடுவது என்றால், அந்த நீட்டலில் எவ்வளவு ஊகம் மிஞ்சலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்வது. எத்தனை மாதிரி, எந்த வெப்பநிலை, எப்போது அளப்பது, எங்கே நிறுத்துவது ஆகிய எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து பிறக்கின்றன. எல்இடியை இங்கே உதாரணமாக எடுப்பதற்குக் காரணம், அதற்கான சோதனை விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருப்பதுதான். பேட்டரியின் கொள்ளளவு, பசையின் பிடிப்பு, ரப்பரின் இறுக்கம் எதுவானாலும் யோசிக்கும் முறை இதேதான்.

எதைப் பழுது என்பது

இரும்புக் கம்பி அறுந்தால் பழுது, அதில் சந்தேகமில்லை. மங்கலுக்கு அப்படி ஓர் இயற்கையான எல்லை கிடையாது. நாம்தான் வைக்கிறோம். பொது விளக்குகளுக்கு வழக்கத்தில் உள்ள எல்லை, தொடக்க ஒளியில் 70 சதவீதம். இதை எல்70 என்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும் ஒளியில் 30 சதவீதம் போனாலும் வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை என்பதே இதற்குப் பின்னால் உள்ள நியாயம். துணியின் நிறத்தையும் தையல் குறையையும் பார்க்கும் செக்கிங் மேசைக்கு அந்த நியாயம் பொருந்தாது. அங்கே எல்80 அல்லது எல்90 வைக்க வேண்டியிருக்கும். எல்லையை மாற்றினால் ஆயுள் தலைகீழாக மாறும். எல்70-க்கு 60,000 மணி காட்டும் அதே பல்பு எல்90-க்கு 18,000 மணிகூடக் காட்டாது. எனவே எல்லையைச் சொல்லாத ஆயுள் எண் எதையும் நம்ப வேண்டியதில்லை.

ஒளி குறையாமலே பல்பு பழுதாகலாம். வெள்ளை ஒளி மஞ்சளாகவோ நீலமாகவோ சாய்ந்துவிட்டால், பக்கத்தில் புதிதாக மாட்டிய பல்போடு சேராது. அமெரிக்காவில் 2024 வரை பல்புகளுக்கு இருந்த எனர்ஜி ஸ்டார் விதி, 6,000 மணிக்குள் நிறத்தின் நகர்வு நிற வரைபட அளவில் 0.007-ஐத் தாண்டக் கூடாது என்றது. அளக்கும் கருவி ஒன்றே. ஒளியோடு நிறத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்வதற்குத் தனிச் செலவில்லை. குறிக்காமல் விட்டால், பின்னால் ஏன் மங்கியது என்ற கேள்விக்கு விடை தேடும்போது வருந்த வேண்டியிருக்கும்.

மூன்றாவது வகை, திடீர்ச் சாவு. சால்டர் விட்டுப்போதல், டிரைவர் எரிதல் போன்றவை. தேய்மானக் கோட்டில் இவை தெரியவே தெரியாது. இவற்றைத் தனிப் பட்டியலில் குறியுங்கள். கோடு வரையும்போது 'இந்த மாதிரி சரியில்லை' என்று ஓசையில்லாமல் எடுத்துப்போடும் வழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. வாங்குபவருக்கு அந்த எடுத்துப்போட்ட பல்புதான் முக்கியம்.

எதை அளப்பது என்பதிலும் கவனம் வேண்டும். வெளியே தெரியும் குணத்தைத்தான் அளக்க வேண்டும் என்றில்லை. மீக்கர், எஸ்கோபார் இருவரும் 1998-இல் எழுதிய நம்பகத்தன்மைப் புள்ளியியல் நூலில் காலியம் ஆர்சனைடு லேசர்களின் தரவு ஒன்று இருக்கிறது. அங்கே ஒளி அளக்கப்படவில்லை. ஒளியை மாறாமல் வைத்துக்கொள்ள எவ்வளவு மின்னோட்டம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று அளந்தார்கள். மின்னோட்டம் 10 சதவீதம் கூடினால் பழுது. 15 லேசர்கள், 80 டிகிரி செல்சியஸ், 250 மணிக்கு ஒரு அளவு, 4,000 மணி வரை. அதற்குள் எல்லையைத் தொட்டவை மூன்றே. வெறும் ஆயுள் சோதனையாக இருந்திருந்தால் மீதி 12 லேசர்களும் 'இன்னும் பிழைத்திருக்கிறது' என்ற குறிப்போடு முடிந்திருக்கும். ஆனால் கோடுகள் ஏறக்குறைய நேராக ஏறியதால், ஒவ்வொன்றும் எல்லையை எப்போது தொடும் என்று கணிக்க முடிந்தது. இந்தத் துறையில் பயில்பவர்கள் முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய தரவு இதுதான்.

முதலில் காரணம், பிறகு அடுப்பு

பல்பை வாங்கி நேரே வெப்ப அறைக்குள் வைப்பதற்கு முன், அது எதனால் மங்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எல்இடி சிப்பின் மேல் ஊற்றிய சிலிக்கோன் நிறம் மாறலாம். சிப்பைத் தாங்கும் வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணம், வெப்பமும் நீல ஒளியும் பட்டுப் பழுப்பாகலாம். மஞ்சள் பாஸ்பர் திறன் இழக்கலாம். அடியில் உள்ள வெள்ளிப் பூச்சு கந்தகம் பட்டுக் கறுக்கலாம். இவற்றில் முதல் மூன்றும் வெப்பத்தால் வேகமெடுக்கும். நான்காவது அப்படியல்ல. சுத்தமான காற்றுள்ள சோதனை அறையில் எத்தனை டிகிரி ஏற்றினாலும் கந்தகம் வரப்போவதில்லை. அது வருவது விளக்கின் ரப்பர் கேஸ்கெட்டிலிருந்தோ தொழிற்சாலைக் காற்றிலிருந்தோதான். வெப்பச் சோதனையில் அழகாகத் தேறிய சிப், தவறான கேஸ்கெட் போட்ட தெருவிளக்குக்குள் சில மாதங்களில் கறுப்பது இப்படித்தான். காரணத்தை எழுதாமல் சோதனையைத் தொடங்கினால், சோதனை அறையில் இல்லாத எதிரியை வென்றதாக அறிக்கை வரும்.

டிரைவரில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரைத் தனியாகக் கவனியுங்கள். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இருமடங்கு என்பது அந்தத் தொழிலில் புழங்கும் கைக்கணக்கு. 105 டிகிரியில் 5,000 மணி என்று விற்கப்படும் கெபாசிட்டர், 85 டிகிரியில் 20,000 மணி வரும்; 75 டிகிரியில் 40,000 மணி. மே மாதத்தில் கூரையடியில், மூடிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் மாட்டிய பல்பின் கழுத்துப் பகுதி 85 டிகிரியைத் தொடுமானால், சிப் 70,000 மணி வாழும் என்று காட்டி என்ன பயன்? பெட்டியில் உள்ள 25,000-ஐக் கெபாசிட்டரே எட்ட விடாது.

இந்த இடத்தில்தான் சந்தையில் ஒரு பெரிய குளறுபடி நடக்கிறது. எல்எம்-80 என்பது வட அமெரிக்க ஒளியமைப்புப் பொறியியல் சங்கம் 2008-இல் வெளியிட்ட சோதனை முறை. அது சோதிப்பது எல்இடி சிப்பையும் அதன் பொதியையும் தொகுப்பையும்தான். இந்தியாவில் அதற்கு இணையான தரம் ஐஎஸ் 16105. முழு பல்பை எல்எம்-80 சோதிப்பதில்லை. சிப் தயாரிப்பாளர் கொடுத்த எல்எம்-80 அறிக்கையில் உள்ள எண்ணை அப்படியே பல்பின் ஆயுளாகப் பெட்டியில் அடிப்பது, எஞ்சின் ஆயுளைச் சொல்லிப் பழைய பேருந்தை விற்பது போன்றது. சிப்பின் அறிக்கையைப் பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் உங்கள் பல்புக்குள் அந்தச் சிப் எந்த வெப்பநிலையில் இருக்கிறது என்று தெர்மோகப்பிள் ஒட்டி அளந்து, அந்த வெப்பநிலைக்குரிய கோட்டைத்தான் எடுக்க வேண்டும். டிரைவருக்கு வேறு சோதனை வேண்டும்.

எத்தனை டிகிரி

வேகப்படுத்தும் சோதனையின் அடிப்படை அர்ஹீனியஸ் சமன்பாடு. தனி வெப்பநிலையின் தலைகீழை ஓர் அச்சிலும், மங்கும் வேகத்தின் மடக்கையை மற்றோர் அச்சிலும் வைத்தால் நேர்கோடு வரும். அந்தக் கோட்டின் சரிவைத் தீர்மானிப்பது கிளர்வு ஆற்றல். கோட்டின் சரிவு தெரிந்தால், 85 டிகிரியில் பார்த்ததை 55 டிகிரிக்கு மாற்றிவிடலாம்.

மாற்றிவிடலாம் என்று சொல்வது சுலபம். கிளர்வு ஆற்றல் 0.3 எலக்ட்ரான் வோல்ட் என்றால், 85-லிருந்து 55-க்கு வரும்போது ஆயுள் 2.4 மடங்காகும். 0.5 என்றால் 4.4 மடங்கு. 0.7 என்றால் ஏறத்தாழ 8 மடங்கு. அதாவது ஒரே சோதனை, ஒரே தரவு. புத்தகத்திலிருந்து எடுத்துப்போட்ட ஒரு மாறிலியால் 20,000 மணி 48,000 ஆகலாம், 1,60,000-மும் ஆகலாம். '0.7 என்பது வழக்கமான மதிப்பு' என்று எழுதிய அறிக்கைகள் நிறைய உண்டு. வழக்கம் யாருடையது, எந்தப் பொருளுக்கு என்று கேளுங்கள். கிளர்வு ஆற்றலை உங்கள் தரவிலிருந்தே கணக்கிட முடியாதபடி சோதனையைத் திட்டமிட்டிருந்தால், அது பாதிச் சோதனைதான்.

அதற்கு இரண்டு வெப்பநிலை போதாதா? கணக்குக்குப் போதும். இரண்டு புள்ளி வழியாக எப்போதும் ஒரு கோடு போகும். அது சரியான கோடா என்று சொல்ல மூன்றாவது புள்ளி வேண்டும். எல்எம்-80-இன் முதல் வடிவம் 55, 85 ஆகிய இரண்டோடு தயாரிப்பாளர் தெரிந்தெடுக்கும் மூன்றாவது வெப்பநிலையையும் கேட்டதில் இந்த நன்மை இருந்தது. அந்த மூன்றாவது பெரும்பாலும் 105 ஆக இருக்கும். 105-க்கான புள்ளி மற்ற இரண்டின் கோட்டிலிருந்து விலகி மேலே போனால், அங்கே புதிதாக வேறொரு சேதம் தொடங்கியிருக்கிறது என்று பொருள். நிறத்தின் நகர்வு இங்கே கைகொடுக்கும். 55-லும் 85-லும் நிறம் நீலத்தை நோக்கிச் சாய்ந்து, 105-இல் மட்டும் மஞ்சளை நோக்கிப் போனால், அந்த மூன்றும் ஒரே கதையைச் சொல்லவில்லை. அப்போது 105-ஐக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள். வேகமாக முடிவு தெரிய வேண்டும் என்ற ஆசையில் 130, 140 என்று ஏற்றுவோருக்கு முடிவு வேகமாகத்தான் தெரியும், வேறு ஏதோ பொருளுக்கு.

இன்னொரு சிறு விஷயம். இங்கே வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலை அல்ல. சிப் தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த இடத்தில், உறையில் அளக்கும் வெப்பநிலை. அறை 85-இல் இருந்தால் எரியும் சிப்பின் உறை அதைவிடச் சூடாகவே இருக்கும்.

மாதிரிகளை எப்படிப் பங்கிடுவது

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் மூன்று வெப்பநிலைக்கும் சமமாகப் பங்கிடுவார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் சரியல்ல. நீங்கள் கடைசியில் சொல்லப்போவது குறைந்த வெப்பநிலையைப் பற்றி. அங்கே மங்கல் மிக மெதுவாக நடப்பதால் ஒவ்வொரு பல்பும் தரும் தகவல் குறைவு. ஆகவே அங்கேதான் அதிக பல்புகள் இருக்க வேண்டும். மீக்கர், ஹான் இருவரும் 1985-இல் வேகப்படுத்திய ஆயுள் சோதனைகளுக்குச் சொன்ன 4:2:1 பங்கீடு இன்றும் நல்ல தொடக்கம். 35 மாதிரி இருந்தால் 55-இல் 20, 85-இல் 10, 105-இல் 5. தேய்மானச் சோதனையில் பழுதாகாத பல்பும் பேசுவதால் இவ்வளவு சாய்வு தேவைப்படாமல் போகலாம். ஆனால் சாய வேண்டிய திசை இதுதான்.

மாதிரிகளை ஒரே பேட்ச்சிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே ரீலில் வந்த 20 சிப்புகள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு, ஆண்டு முழுக்க நீங்கள் விற்கப்போகும் பல்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிடக் குறைவாகத்தான் இருக்கும். குறைந்தது மூன்று பேட்ச். கொள்முதல் பிரிவு முனகும், முனகட்டும்.

எத்தனை முறை அளப்பது? எல்எம்-80 கேட்பது 1,000 மணிக்கு ஒரு தடவையாவது. அதைவிட அடிக்கடி அளந்தால் துல்லியம் கூடுமா என்றால், ஓரளவுக்குத்தான். அடிக்கடி அளப்பது கருவியின் பிழையைக் குறைக்கும். பல்புக்கும் பல்புக்கும் உள்ள வேறுபாட்டை அது தொடுவதுகூட இல்லை. ஐந்து பல்பை நூறு முறை அளந்தாலும் உங்களுக்குத் தெரிவது அந்த ஐந்து பல்பைப் பற்றி மட்டுமே. பணம் குறைவாக இருந்தால் அளவுகளைக் குறைத்து மாதிரிகளைக் கூட்டுங்கள். கோட்டின் சரிவை நிர்ணயிப்பவை இரண்டு முனைகளிலும் உள்ள புள்ளிகளே; நடுவில் உள்ளவை கோடு வளைகிறதா என்று காட்டுவதற்கு.

அளந்தால் பொருளே அழிந்துவிடும் சோதனைகளும் உண்டு. பசை ஒட்டிய இணைப்பைப் பிய்த்துத்தான் அதன் பலத்தை அளக்க முடியும். அங்கே ஒரே மாதிரியின் பாதையைத் தொடர்ந்து பார்க்க வழியில்லை. ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனிக் கூட்டம் மாதிரிகளை ஒதுக்க வேண்டும். எண்ணிக்கை பல மடங்காகும்.

ஒரு சதவீதத்தின் விலை

இனி ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. 85 டிகிரியில் 6,000 மணி எரிந்த பல்பு தொடக்க ஒளியில் 97 சதவீதம் தருகிறது. மங்கல் அடுக்குக்குறி வேகத்தில் நடக்கிறது என்று கொண்டால், 70 சதவீதத்தைத் தொட ஏறத்தாழ 70,000 மணி ஆகும். இப்போது அளந்த கருவி ஒரு சதவீதம் தவறு செய்திருக்கிறது என்று வையுங்கள். உண்மையில் 96 என்றால் ஆயுள் 52,000 மணி. 98 என்றால் 1,06,000 மணி. கருவியில் ஒரு சதவீதப் பிசகு, ஆயுளில் இருமடங்கு இடைவெளி. நல்ல பொருளாக இருக்க இருக்க இந்தத் தொல்லை அதிகம். கொஞ்சமாகத் தேயும் பொருளின் தேய்மானத்தை அளப்பதுதான் கடினம்.

எனவே அளக்கும் முறையில் கறாராக இருங்கள். சோதனை அறையிலிருந்து எடுத்த மாதிரியை 25 டிகிரிக்கு ஆறவிட்டு, ஒவ்வொரு முறையும் அதே மின்னோட்டத்தில், ஒளி நிலைப்பட்ட பிறகு, மொத்த ஒளியையும் தொகுத்து அளக்கும் அதே கோளத்துக்குள் வைத்து அளக்க வேண்டும். கோளத்தின் உட்பூச்சு நாளடைவில் அழுக்காகும். அதை உங்கள் பல்பு மங்கியதாகக் கணக்கு எடுத்துக்கொள்ளும். இதைப் பிடிக்க மலிவான வழி ஒன்று இருக்கிறது. அதே பேட்ச்சிலிருந்து இரண்டு மூன்று மாதிரிகளை எரிக்காமல் அலமாரியில் வையுங்கள். ஒவ்வொரு அளவு நாளிலும் அவற்றையும் சேர்த்து அளந்துவிட்டு மீண்டும் அலமாரியில் வைத்துவிடுங்கள். எரியாத பல்பும் 'மங்கியிருந்தால்' மங்கியது கருவிதான். இதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. செய்பவர்களும் அதிகமில்லை.

கோட்டை வரைதல்

எல்எம்-80 எப்படி அளப்பது என்று மட்டும் சொல்கிறது. தேர்ச்சி, தோல்வி என்று எதுவும் சொல்வதில்லை. அளந்ததை ஆயுளாக மாற்றும் விதி 2011-இல் டிஎம்-21 என்ற பெயரில் வந்தது. அடுக்குக்குறிக் கோடு ஒன்றைத் தரவில் பொருத்தச் சொல்கிறது. எல்லாத் தரவையும் அல்ல. 6,000 முதல் 10,000 மணி வரை சோதித்திருந்தால் கடைசி 5,000 மணியை மட்டும். அதற்கு மேல் சோதித்திருந்தால் கடைசிப் பாதியை மட்டும். காரணம் உண்டு. பல எல்இடிகள் முதல் ஆயிரம் மணிக்குள் மங்குவதற்குப் பதில் சற்றே பிரகாசமாகும். அந்த ஏற்றத்தையும் சேர்த்துக் கோடு போட்டால், சரிவு குறைந்து ஆயுள் பொய்யாக நீளும்.

டிஎம்-21-இல் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அது போடும் தடை. 20 அல்லது அதற்கு மேல் மாதிரிகள் இருந்தால், சோதித்த காலத்தின் ஆறு மடங்குக்கு மேல் எதையும் சொல்லக் கூடாது. 10 முதல் 19 மாதிரிகள் என்றால் ஐந்தரை மடங்கு. நம் பல்பின் கணக்கு 70,000 மணி காட்டியது. 20 மாதிரிகளை 6,000 மணி சோதித்திருந்தால் அறிக்கையில் எழுத அனுமதி '36,000-க்கு மேல்' என்று மட்டுமே. கணக்குத் தரும் எண் பெரிதாக இருப்பதால் நம்பிக்கை பெரிதாகிவிடாது. 10 மாதிரிகளோடு நிறுத்திக்கொண்டவருக்கு 33,000. ஆறு என்ற எண் இயற்கையின் விதி அல்ல, பலர் கூடி ஒப்புக்கொண்ட வரம்பு. பேட்டரிக்கோ பசைக்கோ இதை அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். ஆனால் உங்கள் துறையில் இப்படி எழுதிவைத்த வரம்பு இல்லையென்றால், சோதனை தொடங்குவதற்கு முன்பே நீங்களே ஒன்றை எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். முடிவு வந்த பிறகு எழுதும் வரம்பு எப்போதும் முடிவுக்குச் சற்று மேலேயே அமையும்.

டிஎம்-21-இல் குறையும் உண்டு. அது மாதிரிகளின் சராசரியை எடுத்து ஒரே ஒரு கோடு வரைகிறது. வாடிக்கையாளர் சராசரி பல்பை வாங்குவதில்லை. ஒரு பல்பை வாங்குகிறார். மீண்டும் விளக்க எண்கள்: 6,000 மணியில் சராசரி 95 சதவீதம். அதன் எல்70 ஏறத்தாழ 41,700 மணி. 36,000 என்று எழுதுவதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. ஆனால் அந்தச் சராசரிக்குள் 97 காட்டும் பல்பும் இருக்கிறது, 93 காட்டும் பல்பும் இருக்கிறது. முன்னது 70,000 மணி போகும். பின்னது 29,500-இல் எல்லையைத் தொடும். சராசரி தேறிவிட்டது, அந்த பல்பை வாங்கியவர் தேறவில்லை.

எனவே ஒவ்வொரு மாதிரிக்கும் தனிக்கோடு வரையுங்கள். ஒவ்வொரு கோடும் எல்லையைத் தொடும் நேரத்தை அந்த மாதிரியின் கணித்த ஆயுளாகக் கொள்ளுங்கள். அந்த ஆயுள்களை வெய்புல் தாளிலோ மடக்கை இயல்நிலைப் பரவல் தாளிலோ இட்டுப் பாருங்கள். மேலே உள்ள எண்களில் சராசரியிலிருந்து கீழே 12,200, மேலே 28,300 என்று வலப்புறம் இழுத்துக்கொண்டு போவதைக் கவனித்திருப்பீர்கள். அதனால் மடக்கை இயல்நிலைப் பரவல் பல சமயம் நன்றாகப் பொருந்தும். அதிலிருந்து பத்து சதவீதம் பல்புகள் எல்லையைத் தொடும் நேரத்தை எடுங்கள். இதை எல்70 பி10 என்பார்கள். பாதி பல்புகள் தொடும் நேரம் எல்70 பி50. விற்பனைப் பிரிவு பி50-ஐக் கேட்கும். உத்தரவாத அட்டைக்குப் பி10 வேண்டும்.

இந்த இரண்டு கட்டக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. தனிக்கோடுகளின் பரவலில் பல்புகளின் உண்மையான வேறுபாடும் கருவியின் பிழையும் கலந்தே இருக்கும். எனவே பி10 உள்ளதைவிடக் கொஞ்சம் மோசமாகத் தெரியும். லூ, மீக்கர் இருவரும் 1993-இல் எழுதிய கட்டுரை இவை இரண்டையும் பிரித்தெடுக்கும் மாதிரியை விவரித்தது. இன்று பெரும்பாலான புள்ளியியல் மென்பொருள்களில் அது கலப்பு மாதிரி என்ற பெயரில் கிடைக்கிறது. சிறு நிறுவனத்துக்கு முதல் கட்டத்தில் எளிய முறையே போதும். அது பிசகினால் பாதுகாப்பான பக்கம்தான் பிசகும்.

அறிக்கையும் அதற்குப் பின்பும்

நடுவில் ஒரு சோதனைச் சாவடி வைத்துக்கொள்வது நல்லது. 25,000 மணியில் 70 சதவீதம் நிற்க வேண்டுமானால், அடுக்குக்குறிக் கோட்டின்படி 6,000 மணியில் குறைந்தது 91.8 சதவீதம் இருந்தாக வேண்டும். எனர்ஜி ஸ்டாரும் இதே எண்ணைத்தான் வைத்திருந்தது. 35,000 மணி என்றால் 94.1. 3,000 மணியிலேயே 92-ஐத் தொட்டுவிட்ட பல்பை மேலும் எரித்து மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டாம். வடிவமைப்புக்குத் திருப்பி அனுப்புங்கள்.

அறிக்கையில் ஆயுள் எண்ணைத் தனியாக எழுதாதீர்கள். எத்தனை மாதிரி, எத்தனை பேட்ச், எந்த மின்னோட்டம், உறையின் வெப்பநிலை என்ன, எத்தனை மணி சோதித்தது, எந்த எல்லை, இடையில் செத்தவை எத்தனை, அவை எதனால் செத்தன என்பவையும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். டிஎம்-21 தன் குறியீட்டிலேயே சோதித்த காலத்தை அடைப்புக்குள் எழுத வைக்கிறது: எல்70 (6,000 மணி), 36,000-க்கு மேல். நீட்டலின் தூரம் படிப்பவர் கண்ணில் படுகிறது.

அறிக்கை அனுப்பியதும் மாதிரிகளைக் கழற்றி அந்த இடத்தில் அடுத்த மாடலை ஏற்றுவதுதான் வழக்கம். அவற்றில் பாதியையாவது எரியவிடுங்கள். அமெரிக்க எரிசக்தித் துறை நடத்திய எல் பிரைஸ் போட்டியில் 200 பல்புகளை 45 டிகிரிச் சூழலில் எரித்துச் சோதித்தார்கள். 60 வாட் பிரிவில் 2011-இல் பரிசு அறிவித்த பிறகும் சோதனையை நிறுத்தாமல் 25,000 மணியைத் தாண்டியும் கொண்டுபோனார்கள். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். 10,000 மணி வரை விட்டால் போதும். கூடுதல் 4,000 மணி அளவுகளோடு கோட்டை மறுபடி பொருத்தி, பழைய கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். புதிய கோடு கீழே இறங்கியிருந்தால் அடுத்த பேட்ச்சின் பெட்டியில் எண்ணைக் குறைத்து அச்சடிக்கச் சொல்லுங்கள். மேலே ஏறியிருந்தால், அலமாரியில் உள்ள எரியாத மாதிரிகளை முதலில் அளந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு எண்ணைத் தொடுங்கள்.